தூங்கும்போது வேர்க்கிறதா?

வாசகர் கேள்விகளுக்குச் சேலம் தோல் மருத்துவரின் பதில்கள்

சித்திரை இதழில் வேர்க்குருவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு 31 கடிதங்கள் வந்தன. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வேர்க்குருவைப் பற்றியதே இல்லை, வேர்வையைப் பற்றியது. கை வேர்க்கிறது, கால் வேர்க்கிறது, அக்குள் நனைகிறது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு கடிதத்தில் எழுதியவரின் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் நீல மை பரவிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் பழைய பரீட்சைத் தாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்தக் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: எனக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. நாலாவது படிக்கும்போதிலிருந்தே உள்ளங்கையும் உள்ளங்காலும் வேர்த்துக் கொட்டுகிறது. பரீட்சையில் கைக்கடியில் கர்சீப் விரித்துத்தான் எழுதுவேன். வீட்டில் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். பாட்டி நரம்புத் தளர்ச்சி என்கிறார். குளிரில் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். டிசம்பரில் காலேஜ் டூர் ஏற்காடு போனோம். எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் பஸ் கம்பி நனைந்துவிட்டது. எனக்கு என்ன வியாதி?
- ஒரு மாணவி, அம்மாபேட்டை

பதில்: என் மகளுக்கும் ஏறத்தாழ உன் வயதுதான், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் கண்ணு. நீ பயந்தாங்கொள்ளி இல்லை. நரம்புத் தளர்ச்சியும் இல்லை. உனக்கு இருப்பதற்கு ஆங்கிலத்தில் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமாக வேர்ப்பது, அவ்வளவுதான் அதன் பொருள். 2004-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு இது இருந்தது. உன் வகுப்பில் 60 பேர் இருந்தால் உன்னைப் போல இன்னும் ஒருத்தி கர்சீப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும்.

இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'தூங்கும்போது வேர்க்கிறதா?' என்பதுதான். தெரியாது என்றால் கூடப் படுக்கும் அம்மாவையோ அக்காவையோ நடுராத்திரியில் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். பகல் முழுக்கச் சொட்டும் கை, நல்ல தூக்கத்தில் உலர்ந்து கிடக்கும். அப்படிக் கிடந்தால் பாதி நிம்மதி எனக்கு. உடம்புக்குள் வேறு நோய் ஒளிந்திருந்து வேர்க்க வைத்தால், அது ராத்திரி பகல் பார்க்காது, உள்ளங்கை மட்டும் என்றும் நிற்காது.

உன் ஏற்காட்டுப் புதிருக்கு வருவோம். நம் உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. முதுகிலும் மார்பிலும் இருப்பவை முக்கியமாகச் சூட்டுக்கு வேலை செய்பவை. சேலத்து மே மாத வெயிலில் உடம்பைக் குளிர்விப்பது அவைதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருப்பவை பெரும்பாலும் மனதுக்கு வேலை செய்பவை. பதற்றம், கவனம், கூச்சம், 'ஐயோ இப்ப வேர்க்கப் போகுதே' என்ற நினைப்பு, இவை போதும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிரத்தான் குளிரும். ஆனால் உன் உள்ளங்கைக்கு வெப்பமானி தெரியாது. சுரப்பிகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் பரிவு நரம்புகள் உன் உடம்பில் தேவைக்கு மேல் உத்தரவு கொடுக்கின்றன. சுரப்பியில் கோளாறு இல்லை, உன் துணிச்சலிலும் குறையில்லை. பயத்தால் இந்த நோய் வருவதில்லை. நோய் இருப்பதால்தான் கையை நீட்டப் பயம் வருகிறது. உன் பாட்டியிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

இது அந்த நோய்தானா என்று அறிய நாங்கள் பார்க்கும் அடையாளங்கள் இவை: 6 மாதத்துக்கு மேல் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேர்க்கிறது, 25 வயதுக்கு முன்பே ஆரம்பித்தது, வாரத்துக்கு ஒரு தடவையாவது தொந்தரவு செய்கிறது, தூக்கத்தில் நிற்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிறது. இவற்றில் பல உனக்குப் பொருந்துவதாகத் தெரிகிறது. நேரில் பார்த்தால் ஸ்கேன், பெரிய பரிசோதனை எதுவும் கேட்கமாட்டேன்.

இதை எனக்குப் புத்தகம் படிப்பதற்கு முன்பே தெரியும். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்தார். அவர் கை எப்போதும் ஈரம். வேர்வை பட்டால் வெள்ளி கறுக்கும், மெருகு போட்ட கொலுசில் விரல் தடம் விழும். மெருகுக்குப் பிறகு கொலுசைத் தொடாதே என்று முதலாளி அவரை உருக்குகிற உலைப் பக்கம் மாற்றிவிட்டார். கூலி குறைந்தது. அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார், ஆனால் ஒரு நாளும் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதில்லை. இரண்டு ஈரக் கைகள் வழுக்கும் என்று சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். மருத்துவக் கல்லூரியில் தோல் நோய் வகுப்பில் இந்தப் பாடம் வந்த அன்று, நான் எழுதிய குறிப்பின் மேலேயே என் கை ஈரம் பரவியது. இதற்கு மருந்து இருக்கிறது என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவே இல்லை. இந்தப் பக்கத்தை இத்தனை நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மருந்துக்கு வருவோம். முதல் படி, அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கலந்த லோஷன். 20 சதவீதம் வழக்கமான அளவு. எல்லாப் பெரிய மருந்துக் கடைகளிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். இது சுரப்பிக் குழாயின் வாயில் சின்ன அடைப்பை உண்டாக்குகிறது. பத்துப் பேரில் ஐந்தாறு பேர் 'போட்டேன், கேட்கவில்லை' என்று வருவார்கள். விசாரித்தால் காலையில் குளித்ததும் போட்டிருப்பார்கள். காலையில் போட்டால் வேர்வை அதை வெளியே தள்ளிவிடும். கை நன்றாக உலர்ந்த பிறகு, ராத்திரி படுக்கப் போகும்போது போட வேண்டும். தூக்கத்தில்தான் உன் சுரப்பிகள் ஓய்வெடுக்கின்றன, மருந்து உள்ளே உட்கார அதுதான் நேரம். கை கழுவியதும் உடனே போடாதே. ஃபேன் காற்றில் கால் மணி நேரம் காய விடு. ஈரத்தில் போட்டால் அமிலம் உண்டாகி எரியும், அரிக்கும். காலையில் கழுவிவிடு. முதலில் தினமும், ஒன்றிரண்டு வாரத்தில் கை உலர ஆரம்பித்ததும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். எரிச்சல் வந்தால் இரண்டு நாள் நிறுத்து. வெட்டுக்காயம் இருந்தால், புதிதாக ஷேவ் செய்த இடமாக இருந்தால் தொடாதே. அலுமினியத்தால் மார்புப் புற்றுநோய் வரும், ஞாபக மறதி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு இதுவரை நிரூபணம் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

பாட்டி படிகாரத் தண்ணீரில் கையை முக்கச் சொன்னால் கோபப்படாதே. படிகாரத்திலும் அலுமினிய உப்புதான் இருக்கிறது. வலு குறைவு, ஆனால் தவறான யோசனை இல்லை.

பரீட்சைக்கு: கர்சீப்பைவிட மை உறிஞ்சும் தாள் நல்லது, அல்லது பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு. ஜெல் பேனாவை விட்டுவிட்டுப் பால்பாயிண்ட் எடு. ஹால் சூப்பர்வைசரிடம் முதல் நாளே சொல்லிவிடு. சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொள். நான் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, நான் கொலுசுக்குப் பற்றாசுப் பொடி வைத்து நெருப்பு ஊதும் வேலை செய்கிறேன். வயது 34. சின்ன வயதிலிருந்து கை வேர்க்கிறது. அலுமினியம் குளோரைடு லோஷன் இரண்டு மாதம் போட்டும் பாதிதான் குறைந்தது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் என் விரலை எடுப்பதே இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அடுத்து என்ன?
- ஒரு தொழிலாளி, பனங்காடு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் கதையை மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

லோஷன் பாதி கேட்டிருக்கிறது என்றால் அதை விட வேண்டாம். அதோடு சேர்த்து அயன்டோபோரசிஸ் என்ற முறையைப் பார்க்கலாம். பெயர்தான் கடினம், வேலை எளிது. இரண்டு ஆழமில்லாத தட்டில் குழாய்த் தண்ணீர். ஒன்றில் வலது கை, மற்றதில் இடது கை. தண்ணீர் வழியாகப் பொதுவாக 20 மில்லி ஆம்பியருக்குள் மெல்லிய மின்சாரம். 20 நிமிடத்திலிருந்து அரை மணி. எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். பாதி நேரத்தில் மின்னோட்டத்தின் திசையை மாற்றுவோம். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் மூன்று நான்கு வாரம் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் கை உலரும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையோ, பதினைந்து நாளுக்கு ஒரு தடவையோ செய்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் திரும்ப வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மோதிரம், காப்பு கழற்ற வேண்டும். உங்களுக்கு விரலில் சூட்டுப் புண் இருக்குமே, அதன் மேல் வாசலின் தடவிக்கொண்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் அங்கே சுருக்கென்று குத்தும். தண்ணீரில் உப்புச் சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் மின்சாரம் சரியாக ஓடாது, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்ப்போம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கை காலில் உலோகத் தகடு வைத்தவர்கள், கர்ப்பிணிகள் இதைச் செய்யக் கூடாது.

வீட்டுக்கே வாங்கி வைக்கிற மிஷின்களும் உண்டு. ஒரு பட்டறையில் மூன்று பேருக்கு இந்தத் தொந்தரவு இருந்தால் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, வீடியோ பார்த்து மொபைல் சார்ஜர், பேட்டரி எலிமினேட்டர் வைத்து நீங்களே செய்து பார்க்காதீர்கள். ஈரக் கையும் வீட்டு மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை கேட்பீர்கள் என்று தெரியும். கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் என்று இருக்கின்றன. நரம்பு சுரப்பிக்குக் கொடுக்கும் உத்தரவை, அதாவது அசிட்டைல்கோலினை, உடம்பு முழுக்கத் தடுப்பவை. வேர்வை குறையும். கூடவே வாய் வறளும், மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிற வயதானவர்களும் பக்கத்திலேயே போகக் கூடாது. உங்களுக்கு நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. நீங்கள் நாள் முழுக்க நெருப்புக்கு முன் உட்காருகிறீர்கள். முதுகு வேர்க்காவிட்டால் உடம்புச் சூடு எங்கே போகும்? மே மாதத்தில் பட்டறையில் மயங்கி விழுந்தால் அது வெப்பத் தாக்கு. மழைக்காலத்தில், குறைந்த அளவில், மருத்துவர் பார்வையில் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ரேஷன் கடைக்கு: வரிசையில் நிற்கும்போதே உலர்ந்த துணியில் விரலை அழுத்தித் துடைத்துக்கொண்டு நில்லுங்கள். துடைத்த ஐந்தாறு விநாடிக்குள் வைக்க வேண்டும். கட்டைவிரல் எடுக்காவிட்டால் வேறு விரல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கண் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. கை வேர்வைக்கு நெஞ்சில் துளை போட்டு நரம்பை வெட்டினால் ஒரே நாளில் நின்றுவிடும் என்று சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா? பெண் பார்க்கப் போகும் முன்னால் முடித்துவிட நினைக்கிறோம்.
- ஒரு தாய், ஆத்தூர்

பதில்: அம்மா, கடன் வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

அவர்கள் சொல்வது பொய் இல்லை. மார்புக்கூட்டுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே கை உலர்ந்து சூடாகிவிடும். சொல்லாமல் விடுவது, அல்லது வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவது அடுத்ததை. கையில் நின்ற வேர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கிளம்பலாம். ஈடுகட்டும் வேர்வை என்கிறோம். இது அபூர்வம் இல்லை, செய்துகொண்டவர்களில் பலருக்கு ஓரளவாவது வருகிறது. சிலருக்குப் பழைய கை வேர்வையே தேவலை என்கிற அளவுக்கு வருகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட நம்பகமான வழியும் இல்லை.

உங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் எட்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் வந்தான். வெளியூரில் செய்துகொண்டு வந்திருந்தான். கையை நீட்டிக் காட்டினான், பட்டுப் போல உலர்ந்திருந்தது. பிறகு திரும்பி நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று சட்டை மாற்றுவதாகச் சொன்னான். அவனிடம் முன்பு லோஷன் போட்டாயா, தண்ணீர் மின்சாரம் செய்தாயா என்று கேட்டேன். இரண்டையும் அவன் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மற்ற எல்லாம் செய்து பார்த்து, இந்தப் பின்விளைவை முழுசாகக் கேட்டுப் புரிந்துகொண்டு, இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்று உங்கள் மகன் தானே முடிவு செய்தால் அது அவன் உரிமை. முடிவு அவனுடையதாக இருக்கட்டும் அம்மா, பெண் பார்க்கப் போகும் தேதி முடிவு செய்ய வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு காலையில் கூட்டி வாருங்கள். அங்கே பார்க்கக் காசு இல்லை. பெண் வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், இது மறைக்க வேண்டிய குறை இல்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 36. கை கால் வேர்ப்பதில்லை. அக்குள் மட்டும். முதல் பீரியட் முடிவதற்குள் ஜாக்கெட்டில் வட்டமாக நனைந்துவிடும். போர்டில் எழுதக் கையைத் தூக்குவதில்லை. எல்லா டியோடரண்ட்டும் போட்டாயிற்று.
- ஓர் ஆசிரியை, ஓமலூர்

பதில்: டீச்சர், டியோடரண்ட் வாசனைக்கு மட்டும்தான், வேர்வையை அது நிறுத்தாது. அட்டையில் ஆன்ட்டிபர்ஸ்பிரன்ட் என்று போட்டிருந்தால்தான் அதில் அலுமினிய உப்பு இருக்கும். அதையும் காலையில் போடாமல் ராத்திரி போடுங்கள். மேலே அந்த மாணவிக்குச் சொன்ன 20 சதவீத லோஷன் அக்குளுக்குக் கையைவிட நன்றாகவே கேட்கும், ஏனென்றால் அங்கே தோல் மெல்லிசு. அதனாலேயே எரியவும் செய்யும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பியுங்கள்.

ஆறு வாரத்தில் போதாவிட்டால் போட்டுலினம் ஊசி. ஜனங்கள் போட்டாக்ஸ் என்பது இதுதான், முகச் சுருக்கத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அக்குள் வேர்வைக்கு இதை 2004-லேயே அனுமதித்துவிட்டார்கள். ஒவ்வொரு அக்குளிலும் 50 யூனிட், பத்துப் பதினைந்து சின்னச் சின்ன ஊசிகளாகப் போடுவோம். ஒரு வாரத்தில் உலரும், ஏறத்தாழ ஆறு மாதம் தாங்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். செலவு பல ஆயிரம். சம்பளத்தில் அது எந்த இடத்தில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். உள்ளங்கைக்கும் போடலாம், ஆனால் வலி அதிகம், சில வாரம் விரல் பிடி தளரலாம். அதனால்தான் பனங்காட்டுத் தம்பிக்கு அதை எழுதவில்லை.

ஊசிக்கு முன் எங்கே அதிகம் வேர்க்கிறது என்று வரைபடம் எடுப்போம். அதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று இருக்கிறது. தோலில் அயோடின் தடவிக் காய விட்டு, மேலே மாவுச்சத்துப் பொடி தூவுவோம். வேர்வை கசிகிற புள்ளிகள் மட்டும் கருநீலமாக மாறும். மைனர் என்ற மருத்துவர் 1928-ல் சொன்ன சோதனை, இன்றைக்கும் அதை மிஞ்சியது அதிகம் இல்லை. எந்த மாவுச்சத்தும் ஆகும். நான் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுதான் வைத்திருக்கிறேன். சேலத்தில் இருந்துகொண்டு வேறு மாவு வாங்குவானேன்? ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் அவருடைய மாவு அவர் மகளின் அக்குளில் நீலமாவதைப் பார்த்துவிட்டு, இதற்கும் ஆகுமா என்று அதிசயப்பட்டார்.

வாசனையைப் பற்றிக் கூச்சத்தோடு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேர்வைக்கு வாசனையே இல்லை. அக்குளில் இருக்கும் இன்னொரு வகைச் சுரப்பியின் கசிவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாசனை வருகிறது. நீங்கள் சுத்தமில்லாதவர் என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டு வேளைக் குளியல், பருத்தி ஜாக்கெட், பையில் மாற்று ஒன்று. போர்டில் கையைத் தூக்கி எழுதுங்கள் டீச்சர்.

கேள்வி: வயது 58. காப்பி எஸ்டேட்டில் வேலை. ஒரு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு மேல் பனியன் பிழிகிற அளவு வேர்க்கிறது. மலையில் குளிர் அடிக்கும்போதே வேர்க்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது. லோஷன் போடலாமா?
- ஏற்காடு

பதில்: ஐயா, லோஷன் வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாளே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நான் முதலில் கேட்கிற கேள்விக்கு 'ஆமாம், தூங்கும்போதுதான் வேர்க்கிறது' என்று பதில் வந்தால் என் கவலை வேறு பக்கம் திரும்பும்.

முதலில் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு வரும். அடுத்த தடவை வேர்த்து எழுந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுக் கால் மணியில் மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் காத்திருக்காமல் முதலில் குடித்துவிடுங்கள். மாத்திரை அளவை மருத்துவர் மாற்றுவார், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது காசநோய். இளைப்பு, ராத்திரி வேர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல். இருமல் இல்லாவிட்டாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம், வழக்கமாக ஆறு மாதத்தில் குணமாகும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இளைப்பும் வேர்வையும் வரும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். சில மனநல மாத்திரைகளும் வலி மாத்திரைகளும்கூட வேர்க்க வைக்கும். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, இதை எல்லா வாசகர்களுக்கும் சொல்கிறேன். திடீரென்று சில்லென்ற வேர்வை, கூட நெஞ்சில் அழுத்தமோ இடது கை, தாடை வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வேர்வை மட்டுமே மாரடைப்பின் அடையாளமாக வருவதும் உண்டு.

கேள்வி: வயது 49. வீட்டில் தறி. திடீரென்று முகமும் கழுத்தும் தீயாகச் சுட்டு வேர்க்கிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பட்டுப் பாவில் சொட்டு விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தீட்டும் முன்பின் ஆகிறது.
- குகை, சேலம்

பதில்: மாதவிலக்கு நிற்கும் காலத்தின் சூட்டு அலை இது. வியாதி இல்லை, ஆனால் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் போங்கள், ஹார்மோனும் உண்டு, ஹார்மோன் இல்லாத மருந்தும் உண்டு. காபி, டீ, காரம் குறைத்துப் பாருங்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை ஃபேன் வைத்து முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள், பாவில் படாமல்.

கேள்வி: மில்லில் வேலை பார்க்கும் என் தம்பி ஷூவைக் கழற்றினால் வீட்டில் உட்கார முடியவில்லை. பாதத்தில் அம்மை வடு போலச் சின்னச் சின்னக் குழிகள்.
- ஒரு சகோதரி, கொண்டலாம்பட்டி

பதில்: அந்தக் குழிகளைக் கவனித்தீர்களே, அதுதான் விடை. நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோலைப் பாக்டீரியா அரித்த குழிகள் அவை. தடவுகிற ஆன்ட்டிபயாட்டிக் களிம்பில் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். வேர்வையைக் குறைக்காவிட்டால் திரும்ப வரும், ஆகவே ராத்திரி லோஷன். இரண்டு ஜோடி ஷூ, ஒன்று காயும் நாளில் மற்றது. பருத்திச் சாக்ஸ், மதியம் ஒரு தடவை மாற்ற வேண்டும். தம்பியைத் திட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் கை வேர்வை உண்டு. மனைவி மாசமாக இருக்கிறாள். குழந்தைக்கும் வருமா?
- ஒரு வாசகர், இளம்பிள்ளை

பதில்: வரலாம், வராமலும் போகலாம். பலருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா, நான், என் மகள் என்று மூன்று தலைமுறை.

மகளுக்கு ஏழு வயதில் தெரிந்தது. அவள் சிலேட்டில் எழுதியதை அவள் கையே அழித்தது. கிளாஸ் டீச்சருக்கு அன்றைக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். இவள் கை வேர்ப்பது ஒரு நோய், கழுவவில்லை என்று அனுப்பாதீர்கள், விளையாட்டில் கை கோக்க மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று. உங்கள் குழந்தைக்கு வந்தால் நீங்களும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். மருந்து அப்புறம். அவள் பத்து வயதில் லோஷன் ஆரம்பித்தாள், ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு வருடம் அயன்டோபோரசிஸ் செய்தாள். இன்றும் முழுசாக நிற்கவில்லை.

நாங்கள் இருவரும் சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். வழுக்கும். இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். போன மாதம் அவள் பரீட்சைக்குக் கிளம்பும்போது பையில் இரண்டு பருத்தித் துணி மடித்து வைப்பதைப் பார்த்தேன். இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். பக்கத்து பெஞ்சில் இருக்கிற பெண்ணுக்கும் வேர்க்குமாம்.